நாலாவது எட்டு

நீங்கள் செய்தது கொஞ்சமும் நியாயமில்லை. முகம் தெரியாதவர், பேர் சொல்லாதவர், பின்னூட்டத்தில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர் என்பதற்காக உங்களைச் சும்மா விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். கடைத்தெருவுக்கு ஒரு தர்மம் உண்டு. பேரம் படியாமல் ஒருவன் கடையை விட்டு இறங்கினால், முதல் எட்டில் நீங்கள் சும்மா இருக்கலாம். இரண்டாவது எட்டில் ஒரு கனைப்புக் கனைக்கலாம். மூன்றாவது எட்டில் கூப்பிட்டே ஆக வேண்டும். "சரி வாங்க சார், உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம்" என்று ஒரு வார்த்தை. நாலாவது எட்டு என்ற ஒன்று எந்தச் சந்தையிலும் கிடையாது. பதினாலு வயதில் சந்தைக்கு வந்து, ஊரெல்லாம் ஏமாந்து, அந்த ஏமாற்றத்தையே படிப்பாகப் படித்தவன் நான். நானே பார்த்ததில்லை நாலாவது எட்டை.

என் பக்கத்துக் கடை பீரோக்காரரை அதற்குக் காலைத் தூக்க வைத்தது நீங்கள்தான். நடந்ததைச் சொல்கிறேன். படிக்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

பீரோக்காரர் பழைய மர சாமான்களை வாங்கி, இழைத்து, வார்னிஷ் அடித்து விற்கிறவர். மற்றவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இவருக்கு இடம் போதாமல் மீசையிலும் தொங்கும். பேரம் என்றால் அவருக்கு மூச்சு. பல் டாக்டரிடம் போய், "ரெண்டு பல் பிடுங்கினா ஒண்ணு சும்மா பிடுங்குவீங்களா?" என்று மடக்கி, ஒரு நல்ல பல்லை இழந்துவிட்டு வெற்றியோடு வீடு திரும்பியவர்.

அப்படிப்பட்டவருக்கு ஒன்பது வருஷமாக ஒரு வலைப்பூ. பேர் 'சொல்லிவைக்கிறேன்'. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்தால் சாப்பாட்டு மேஜையில் கணினியை வைத்துக்கொண்டு, இரண்டே விரலால் கோழி கொத்துகிற மாதிரி தட்டுவார். எழுதுகிற விஷயம் ஒன்றுதான்: தான். தான் பேரத்தில் ஜெயித்தது, தான் கோபப்பட்டது நியாயமானது, தன்னை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளாதது. நானூறு வாசகர்கள் என்பது அவர் கணக்கு. பின்னூட்டம் போடுகிறவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் அவரே.

மிச்ச நாலு பேரில் முதல் ஆள் நீங்கள். 'ஜன்னலோரம்' என்ற பேரில் ஆறு வருஷமாக, பதிவு போட்ட சூடு ஆறுவதற்குள் வந்துவிடுவீர்கள். "இப்படி ஒரு கணவர் கிடைக்க உங்கள் மனைவி என்ன தவம் செய்தாரோ!" என்று ஒருமுறை எழுதினீர்கள். பீரோக்காரர் அதை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"கேட்டியா? என்ன தவம் செய்தாரோங்கிறாங்க!"

"நானும் அதைத்தாங்க யோசிச்சிட்டு இருக்கேன்" என்றார் அந்த அம்மாள், வெங்காயம் உரித்தபடி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த ஒற்றை எழுத்து வந்தது. ஒரு கட்டிலைக் கால் மட்டும் தனி, சட்டம் மட்டும் தனி என்று பிரித்துப் பிரித்துப் பேசி மடக்கிய வரலாற்றை அவர் ஒன்பது பத்தியில் எழுதியிருந்தார். அதற்கு நீங்கள் போட்ட பின்னூட்டம்: "ம்."

மீசை துடித்தது. "ஒம்போது பத்திக்கு ஒத்தை எழுத்தா! நான் இறங்கறேன் கடையை விட்டு!"

அன்றைக்கே விடைபெறும் பதிவு தயாராகிவிட்டது. 'இனி நான் திரையில் இல்லை, தரையில்தான் வாழ்வேன். வீடு என்னை அழைக்கிறது. ஓசையின்றி என்னோடு வாழ்ந்துவரும் என் இல்லாளின் சின்னச் சின்னக் குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கப் போகிறேன். போகிறேன். போகிறேன்.' மூன்று 'போகிறேன்' இருப்பதைக் கவனியுங்கள். மூன்று எட்டு!

"ஏய், இங்க வா. நான் எழுதறதை நிறுத்திட்டேன்."

"ஐயையோ! உடம்புக்கு என்னங்க?"

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு. இது முடிவு. இனிமே எனக்கு வீடுதான், நீதான்."

"நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

"பயப்படாதே, மூணு நாள்தான். நாளைக்கு ஒரு எட்டு. கூப்பிட்டுருவாங்க."

"கூப்பிடலைன்னா?"

"கூப்பிடாம? அந்த ஜன்னலோரம் ஒருத்தர் போதும். அவர் அழுதா மத்த மூணு பேரும் சேர்ந்து அழுவாங்க."

"அது ஆம்பளையா, பொம்பளையா?"

"யாருக்குத் தெரியும்? ரசனை தெரிஞ்ச ஆளு. உனக்குச் சொன்னாப் புரியாது."

"அதுவும் சரிதான்" என்றார் அந்த அம்மாள்.

மறுநாள் காலை பல் விளக்குவதற்கு முன்னால் கணினியைத் திறந்தார். நீங்கள் வந்திருந்தீர்கள். அழவில்லை. 'மிக நல்ல முடிவு. வாழ்த்துகள். குறைகளைத் தீர்ப்பதாகச் சொன்னீர்களே, குளியலறைக் குழாய் சொட்டுவதிலிருந்து ஆரம்பிக்கலாமே.' கீழே மற்ற மூன்று பேரும்: 'ஆரம்பிக்கலாமே.' 'ஆமாம், ஆரம்பிக்கலாமே.' 'எப்போது ஆரம்பம்?'

பீரோக்காரருக்குத் தலை சுற்றியது. குழாயைப் பற்றித் தான் எப்போது எழுதினோம்? கடைக்குப் போகாமல் ஒன்பது வருஷப் பதிவுகளையும் புரட்டினார். மேஜை இருந்தது, முக்காலி இருந்தது, குழாய் இல்லை.

"ஏய், நம்ம குழாய் சொட்டுதா?"

"நாலு மாசமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நாலு மாசமா சொல்றேங்க."

"அது இல்ல விஷயம். ஜன்னலோரத்துக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"குழாய்னா எல்லா வீட்டுலயும்தான் சொட்டும். பொதுவா சொல்லியிருப்பாங்க."

"அதானே!" என்றார் பீரோக்காரர். சொன்னாரே தவிர முகம் தெளியவில்லை. ஆனாலும் நாலு பேர் பார்க்கிற இடத்தில் மானம் போகலாமா? மனைவி நாலு மாசம் கேட்டு நடக்காதது நாற்பது நிமிஷத்தில் நடந்தது. ஈரச் சட்டையோடு வந்து, 'குழாய் சரிசெய்தாயிற்று' என்று தட்டினார்.

"எழுதறதை நிறுத்தியாச்சுன்னீங்களே?"

"இது எழுத்து இல்ல. பதில்."

இரண்டாவது நாள் நீங்கள் கனைக்கவாவது செய்திருக்கலாம். 'சமையலறை அலமாரிக் கதவு ஒன்று கழன்று தொங்கும் வீடுகள் உண்டு. துணிக்கொடி அறுந்த வீடுகளும் உண்டு. தங்கள் வீடு எப்படி?' என்று கேட்டீர்கள். இரண்டும் அவர் வீட்டில் இருந்தன. மர வேலைக்காரன் வீட்டிலேயே கதவு தொங்குவது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? பீரோக்காரர் சுத்தியலோடு கதவை மாட்டினார். அதே சுத்தியலோடு கீழ்வீட்டுத் தையற்காரரிடம் இறங்கினார்.

"உண்மையைச் சொல்லுய்யா. ஜன்னலோரம் நீதானே?"

"ஆமாண்ணே, ஜன்னலோரம்தான். ஊசி கோக்க வெளிச்சம் வேணுமில்ல?"

"அடப்பாவி, ஒத்துக்கிட்டியா!"

"என்னத்தைண்ணே ஒத்துக்கிட்டேன்?" தையற்காரர் சுத்தியலைப் பார்த்துக்கொண்டே நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"எங்க வீட்டுக் குழாய் சொட்டறது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாம என்ன? சொட்டினது என் தலையிலதானே. நாலு மாசமா உங்க வீட்டம்மாகிட்ட முறையிடறேன்."

"அப்ப என் எழுத்தைப் படிக்கிறே!"

"அண்ணே, நான் படிக்கிறதெல்லாம் இடுப்பு முப்பத்தாறு, உசரம் நாப்பது. அதையே மாத்திப் படிச்சு ஒருத்தருக்கு பேண்ட் மார்ல நிக்குது. எனக்கு எதுக்குண்ணே உங்க எழுத்து?"

பீரோக்காரர் முன்னைவிடக் குழம்பிப்போய் மேலே ஏறினார். இந்த ஆள் இல்லை என்றால் யார்? உளவாளியா? ஜோசியக்காரனா? "வாசகர்னா இப்படித்தான் இருப்பாங்க போல. எழுதாததையும் படிச்சிருவாங்க" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் தொங்காத கதவை நாலு தடவை திறந்து மூடி, "நல்ல வாசகர்ங்க" என்றார்.

மூன்றாவது நாள் வந்தது. கடைசி எட்டு. நீங்கள் என்ன எழுதினீர்கள்? 'எல்லாம் மகிழ்ச்சி. உங்கள் படுக்கையறையில் ஒரு பீரோ உண்டு என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா?'

இது அவர் எழுதியதுதான். கடையில் இடம் கொள்ளாத மூன்று கதவுத் தேக்கு பீரோ. 'ஒரு வாரத்துக்கு மட்டும்' என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, படுக்கையறையில் இருந்த ஒரே ஜன்னலை அடைத்து நிறுத்தினார். ஆறு வருஷம் ஆயிற்று. மனைவி கேட்கும்போதெல்லாம் "ஆள் வந்துட்டிருக்கான்" என்பார். அந்த ஆள் ஆறு வருஷமாக வந்துகொண்டிருந்தான். அந்த அறையில் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் புடவை மடிக்க வேண்டும். அதையும் அவர் விடவில்லை. 'வெயில் எழுப்பாத உறக்கம்' என்று ஒரு பதிவாக்கிவிட்டார்.

"என் பீரோமேலயே கை வைக்கிறாங்களா! முடியாது! அது கடைச் சரக்கு!" என்று கத்தினார். பதில் போடவில்லை.

நாலாவது நாள் உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. மற்ற மூன்று பேரிடமிருந்தும் ஒன்றும் இல்லை. திறந்தார், மூடினார், திறந்தார். கிணற்றில் போட்ட கல். எழுதத் திரும்பினால் 'கூப்பிடாமலே வந்துட்டான்' என்று ஆகும். திரும்பாவிட்டால் செத்துப்போவார். ஒரு மனிதன் நாள் பூராவும் ஜெயித்துவிட்டு அதை யாரிடம் சொல்வது? அப்போதுதான் அவருக்கு உறைத்தது, இந்தப் பூமியில் தன்னைக் கூப்பிட யாருமே இல்லையோ என்று. வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். "தண்ணியை ஏன் இந்தச் சொம்புல வெக்கறே?" "துடைப்பத்தை ஏன் தலைகீழா வெக்கறே?" என்று தரை வாழ்க்கையைத் தீவிரமாக வாழ்ந்தார். மத்தியானம் மனைவி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு உதவி பண்ணு. உன் போன்ல ஏதாவது ஒரு பேர் வெச்சுக்கிட்டு, 'திரும்பி வாருங்கள்'னு ஒரு பின்னூட்டம் போடு."

"எனக்கு அதெல்லாம் எங்கங்க எழுத வரும்?"

"ரெண்டே வார்த்தை."

"பொய் சொல்லச் சொல்றீங்களே."

"இதுல என்ன பொய்? நான் திரும்பி வரணும்னு உனக்குத் தோணலையா?"

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். "எங்க திரும்பி? எழுத்துக்கா, வீட்டுக்கா?"

 விடை தெரியாத கேள்வி வந்தால் பீரோக்காரர் செய்வது ஒன்றுதான். பேரத்தில் இறங்கினார்.

"சரி, உனக்கு என்ன வேணும், சொல்லு."

"எனக்கு என்னங்க வேணும்? ஒண்ணும் வேணாம்."

"சொல்லுங்கறேன்ல?"

"பீரோ போகணும்."

"பாதி நகர்த்தறேன்."

"போகணும்."

"முக்கால்! முக்கால் ஜன்னல் வந்தாப் போதாதா உனக்கு? உள்ளே இருந்து பார்க்கறது ரெண்டு கண்ணுதானே!"

அந்த அம்மாள் எழுந்தார். சமையலறைப் பக்கம் ஒரு எட்டு வைத்தார். நிதானமாக இரண்டாவது எட்டு. காலைத் தூக்கி மூன்றாவது...

"சரி சரி, வா! முழுசாவே எடுக்கறேன்!"

சொன்ன பிறகுதான் இந்த நடையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்றுதான் ஞாபகம் வரவில்லை.

தையற்காரர் ஒரு முனை, பீரோக்காரர் ஒரு முனை. பீரோ முனகிக்கொண்டே கடைக்கு இறங்கியது. அதன் பின்னால் ஆறு வருஷத் தூசி, ஒற்றைச் செருப்பு, காணாமல்போன மூன்று சீப்பு. ஜன்னலைத் தள்ளியபோது கதவு திறக்க மறுத்தது, பிறகு சட்டென்று திறந்தது. வெயில் கட்டில்மேல் வந்து விழுந்தது. எதிர் மாடியில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நெடுநேரம் வெளியே பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"எழுதறியா?" கூடத்திலிருந்து குரல்.

"எழுதிட்டே இருக்கேங்க."

பீரோக்காரர் கணினி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வந்தது. மனைவியுடையது இல்லை. உங்களுடையது! 'இன்று வெளிச்சம் நன்றாக இருக்கிறது. ஆறு வருடமாக நிறையப் படித்துவிட்டேன். இனிக் கொஞ்ச நாள் வெளியே பார்க்கப் போகிறேன். வணக்கம்.'

அவர் கணினியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினார். "ஏய், இதைக் கேளு! ஜன்னலோரமும் நிறுத்திட்டாங்களாம்! அவங்க வீட்டுலயும் இன்னைக்குத்தான் வெளிச்சம் வந்திருக்காம். என்ன ஒத்துமை பார்த்தியா!"

"ஆச்சரியமாத்தாங்க இருக்கு."

"உன் பின்னூட்டம் எங்கே? வரலையே!"

"வரலையா? போட்டேனே. நெட்டு சரியில்லை போல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெயில் மறைக்குது."

அவர் தள்ளி நின்றார். இரண்டு வாரமாக அப்படித்தான் நிற்கிறார், நாலாவது எட்டுக்குத் தூக்கிய காலைக் கீழே வைக்கத் தெரியாமல்.

ஆகவே ஜன்னலோரம் அவர்களே, நீங்கள் யார் என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் கிடைத்துவிட்டது, பேரம் முடிந்துவிட்டது. கேட்டது கைக்கு வந்த பிறகு கூப்பிடுவதுதான் முறை. 'திரும்பி வாருங்கள்', இரண்டே வார்த்தை, இன்றைக்கே எழுதிவிடுங்கள். நாளைக் காலையிலிருந்து சமையலறை டப்பாக்களையெல்லாம் தன் யோசனைப்படி மாற்றி அடுக்கப் போவதாகத் தையற்காரரிடம் சொல்லியிருக்கிறார். அது யாருடைய சமையலறை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.