நிற்கும் காருக்கு ஆற்றிய தொண்டு

ஓடுகிற காரைப் பராமரிக்க உலகத்தில் கோடிப் பேர் உண்டு. நிற்கிற காரைப் பராமரிப்பதற்கென்றே அவதரித்தவர் ஒருவர்தான்: பல்கேரியாவின் யாம்போல் நகரத்து ஸ்பாஸ் கெரெமிட்சிவ். மனித குலம் இதை இன்னும் உணரவில்லை. நஷ்டம் மனித குலத்துக்குத்தான்.

ஸ்பாஸ் குடிநீர் அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். தண்ணீர் ஏன் வரவில்லை என்பதற்குத் தகுந்த காரணம் எழுதி அனுப்புவது அவர் பொறுப்பு. ஆகவே ஒன்றுமே நடக்காமல் இருப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர். வலது முழங்காலை அறுவை செய்து, பிறகு மலையடிவாரத்து மருத்துவ விடுதியில் சில வாரங்கள் தங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, முழங்காலைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அதுவரைக்கும் கார்?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் எலும்பு நிபுணர். முழங்கால் எக்ஸ்ரேயையே மறுபடி நீட்டினார்.

அன்று மாலையே 'ஓய்வுநிலை ஏற்பாடுகள்' தொடங்கின. குளிர்காலத்துக்காகக் குடியிருப்பின் பின்முற்றத்தில் எல்லாக் குடும்பங்களும் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த செப்டம்பர் அது. தம் பழைய வெள்ளைக் கார்மேல் புகை படியக் கூடாதென்று, காற்று திரும்பும்போதெல்லாம் அடுப்புகளை இடம் மாற்றச் சொல்லி ஸ்பாஸ் உத்தரவிட்டார். குடிமக்கள் கீழ்ப்படியவில்லை. ஆகவே காரை இடம் மாற்றினார்.

மூன்றாம் மாடிக்காரன் பென்யு மிளகாய்த் தோலை உரித்தபடி வேடிக்கை பார்த்தான். "ஸ்பாஸ் அண்ணே, வண்டி எங்கயும் போகப்போறதில்ல. டாங்க் நிறைய பெட்ரோல் எதுக்கு?"

"போகாததுனாலதான். காலி டாங்க்ல ஈரம் கோத்துக்கும். வயித்தை ரொப்பிட்டுத்தான் தூங்க வைக்கணும்."

"கை பிரேக்கும் போடலையே?"

"போட்டா ஒட்டிக்கும். கியர்ல நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கணும். நெவேனா, செங்கல்."

அவர் மனைவி நெவேனா அடுப்பை விட்டுவிட்டுப் போய்ச் செங்கல் கொண்டுவந்தாள். டயர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று ஏறியது. எலி நுழையாமலிருக்கப் புகைக்குழாயை அடைத்தது நெவேனாவின் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். உள்ளே ஈரத்தை உறிஞ்ச அரிசி மூட்டை வேண்டியிருந்தது. அரிசியும் அவளுடையது, மூட்டையாகிய கம்பளிக் காலுறையும் அவளுடையது. மேலே போர்த்த அவள் தாய்வீட்டுச் சீதனமாக வந்த கம்பளம் இறக்கப்பட்டது. கழற்றிய பேட்டரியை ஸ்பாஸ் கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்து மாடி ஏறினார். முழங்கால் நொடித்தது. பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் இறங்கி வந்ததும் பென்யு கேட்டான்: "ஏண்ணே, அக்காவுக்குத்தான் லைசென்ஸ் இருக்கே? வாரத்துக்கு ரெண்டு தரம் அவங்க ஓட்டினா இந்தச் செங்கல், அரிசி, எலி எந்தத் தொல்லையும் இல்லையே?"

அடுப்பில் ஒரு மிளகாய் வெடித்தது. 

"லைசென்ஸ் வேற, கார் வேற," என்றார் ஸ்பாஸ்.

நெவேனா கருகத் தொடங்கிய மிளகாயைத் திருப்பிப் போட்டாள். கல்யாணமான மறு வருஷம் அவள் முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் வாங்கியவள். ஸ்பாஸ் மூன்றாவது முயற்சியில் வாங்கியவர். இந்தப் புள்ளிவிவரத்தை அவர் அரசாங்க ரகசியமாகப் பாதுகாத்துவந்தார்.

அறுவை முடிந்தது. மருத்துவ விடுதியிலிருந்து தினமும் மாலையில் போன் செய்தார்.

"பேட்டரி எப்படி இருக்கு?"

"சோபால படுத்திருக்கு. டிவி பாக்குது."

"சத்தத்தைக் கொறைச்சு வை."

முதல் ஞாயிற்றுக்கிழமை நெவேனா பார்க்க வந்தாள். இரண்டு பஸ் மாறி, நடுவில் ஒன்றைத் தவறவிட்டு, மழையில் நனைந்து, பார்வையாளர் நேரம் முடிகிற தறுவாயில் உள்ளே நுழைந்தாள். மடியில் வைத்துக் கொண்டுவந்த, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா அப்பம் கூழாகியிருந்தது.

"டயர் இறங்கலையே?" என்றார் ஸ்பாஸ்.

"முழங்கால் எப்படி இருக்குன்னு கேக்க வந்தேன்."

"அது என்கூடவே இருக்கு, நான் பாத்துக்கறேன். காரைத்தான் இங்கேர்ந்து பாக்க முடியல."

நெவேனா கூழான பனிட்சாவை அவர் மடியில் வைத்தாள். பிறகு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அடுத்த ஞாயிறு அவள் சீக்கிரமே வந்தாள். தலைமுடி கலையவில்லை; பனிட்சா உடையாமல், இளஞ்சூடாகவே இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஸ்பாஸ் நெகிழ்ந்துபோனார். நாட்டின் பொதுப் போக்குவரத்து கண்ட வளர்ச்சியைப் பற்றிப் பக்கத்துக் கட்டில்காரருக்கு நீண்ட உரை ஆற்றினார். கேட்டவர் மயக்க மருந்து இல்லாமலே தூங்கினார்.

வீடு திரும்பும் நாளுக்கு முன்பு ஸ்பாஸ் போனில் கட்டளையிட்டார்: "பென்யுவைக் காரை எடுத்துட்டு வரச் சொல்லு. செங்கலை எடுக்க மறந்துடுவான், நீ பக்கத்துல நின்னு சொல்லிக்குடு."

பென்யு போன வருஷம் பத்திரிகைக் கடைக்குள் காரை விட்டவன். ஆனால் கடைக்காரர் பிழைத்துக்கொண்டார் என்பதை அவனுடைய திறமைக்குச் சான்றாகவே ஸ்பாஸ் கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளைக் கார் விடுதி வாசலில் வளைந்து திரும்பி, ஊன்றுகோலோடு நின்றவரின் முன்னால் அலுங்காமல் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் நெவேனா இருந்தாள்.

"பென்யு எங்கே?"

"மிளகாய் உரிக்கறான். பின்னால ஏறு. கால் மடங்காதில்ல, நீட்டிக்கோ."

காரின் பின்னிருக்கையை ஸ்பாஸ் வாழ்க்கையில் முதல்முறையாகப் பயன்படுத்தினார். அங்கிருந்து மனைவியின் பிடரி மட்டும் தெரிந்தது. நெடுஞ்சாலையில் அவள் ஒரு லாரியை முந்தினாள். வலது கால் நீண்டு கிடந்ததால் அவர் இடது கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. முன்னிருக்கையின் முதுகுதான் அகப்பட்டது. இரண்டாவது லாரியையும் முந்திய பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இவ்வளவு நாள் சும்மா நின்ன வண்டியாச்சே. எதுவும் கெடலையே?"

"அது சும்மா நிக்கல. நான் மழையில நனைஞ்ச மறுநாள்லேர்ந்து ஓடிட்டுத்தான் இருக்கு," என்றாள் நெவேனா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு மாசம் நின்னா கார்ல என்னென்ன கெடும்னு உனக்கு அத்துப்படி, ஸ்பாஸ். என்னை இருபது வருஷமா நிறுத்தி வெச்சிருந்தியே, எது கெட்டுப்போச்சுன்னு ஒருநாளாவது திறந்து பாத்தியா?"