மக்னோலியாவுக்கு வந்த துரு நோய்

என் மக்னோலியா மரத்தைப் பற்றி யாராவது கேட்டால் பூவிலிருந்துதான் ஆரம்பிப்பேன். இலையின் அடிப்பக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், தேத்தண்ணி போடுகிற சாக்கில் குசினிக்குள் போய்விடுவேன். இன்றைக்குப் போகவில்லை. சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத தாவரம் மட்டக்களப்பில் முளைக்கவே இல்லை என்று ஓர் எண்ணம் (எண்ணமென்ன, முடிவே). பயிற்சிப் பட்டறை ஒன்றுக்காகப் பண்டாரவளைக்குப் போன இடத்தில், விடுதி முற்றத்தில் நின்ற மக்னோலியாவைக் கண்டேன். செண்பகத்தின் உறவுக்காரி. வருடம் முழுக்கப் பச்சை. எண்ணெய் பூசியது போன்ற இலை, சோற்றுக்கோப்பை அளவு வெள்ளைப் பூ. ஒட்டுக்கன்று ஒன்றை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே செங்கலடி வரை பஸ்ஸில் வந்தேன். விற்ற மனிதர், "சூட்டு ஊருக்கா கொண்டு போறீங்க? தப்பாது" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அதைத் தப்பவைப்பதென்று தீர்மானித்துவிட்டேன்.

எங்கள் வீடு தன்னாமுனையில், வாவிக்குக் கிட்ட. நிலம் வெறும் மணல். முழங்காலளவு குழி வெட்டி, செம்மண்ணும் மாட்டெருவும் மக்கிய இலையும் நிரப்பினேன். மாரி மழைக்குத் தண்ணீர் தேங்காதபடி மேடு கட்டினேன். அடியில் வைக்கோல், மேற்குப் பக்கம் வெயிலுக்குக் கிடுகு மறைப்பு. கச்சான் என்ற வறண்ட மேல்காற்று அடித்த நாட்களில், பாடசாலை விட்டு வந்ததும் பிள்ளைகளைப் பார்க்குமுன் கன்றைத்தான் பார்த்தேன்.

பக்கத்து வளவுப் புஷ்பம் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன மரம்கா டீச்சர் இது?"

"மக்னோலியா அக்கா."

"மகாஓயாவா? அங்கயிருந்தா கொண்டு வந்த நீங்க?"

மகாஓயா நான் பஸ்ஸில் கடந்து வந்த ஊர். திருத்தப் பார்த்தேன், முடியவில்லை. தெருவுக்கே அது மகாஓயா மரமாகிவிட்டது.

இரண்டாம் வருடம் கன்று என் தோளுக்கு வந்தது. ஒருநாள் வைக்கோல் பரப்பக் குனிந்தபோதுதான் இலைகளின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. கபில நிறம்! பழைய தகரத்தில் பிடித்த கறள் போல, ஒவ்வோர் இலையிலும். (இரண்டு வருடமாக மேலிருந்து மட்டுமே ரசித்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.) புத்தகம் தேவைப்படவில்லை. இலைத் துரு நோய், பங்கசு என்கிற பூஞ்சணத்தின் வேலை. நானே கண்டுபிடித்தேன், நானே வைத்தியம் தொடங்கினேன்.

அடுத்தநாள் விடிந்ததும் சவர்க்காரத் தண்ணீரும் பல்லுத் தேய்க்கும் பிரஷுமாகக் கன்றுக்கருகில் குந்தினேன். இவர் (என் கணவர்தான்) வாசலில் வந்து நின்றார்.

"சாந்தி, அது என்ட பிரஷ்."

"மரத்த விட உங்கட பல்லு பெரிசா?"

நாற்பத்திரண்டு இலைகளையும் தேய்த்தேன். தேய்த்த இடத்தில் கபிலம் கொஞ்சம் கழன்றது, கொஞ்சம் கழலவில்லை. நோய் ஆழமாக இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். காற்றோ புஷ்பம் அக்காவின் வளவுப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அங்கே இரண்டு வரிசைக் கொச்சிக்காய், பச்சை மிளகாய்தான்.

"பிடுங்கி எரிச்சுப்போடுங்க அக்கா. இது பரவும்."

"காய்க்கிற மரத்தயா டீச்சர்!"

"படிச்ச ஆள் சொல்றன்."

அக்கா பிடுங்கினா. புகையைப் பார்த்து எனக்கு மனதுக்குள் ஒரு திருப்தி வேறு.

மரத்தை வந்து பார்க்கச் சொல்லி ஏறாவூர் விவசாயப் போதனாசிரியர் றஸீன் சேரைக் கேட்டேன், சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். இந்த வாய்ப்பை வீணாக்கலாமா? வகுப்பு முழுவதையும் கொப்பியோடு வீட்டுக்கு வரச் சொன்னேன். பதினேழு பிள்ளைகள் மரத்தைச் சுற்றி நிற்க, துரு நோயைப் பற்றி அரை மணி நேரம் விளங்கப்படுத்தினேன்.

சேர் வந்தார். ஓர் இலையைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். குருத்தைப் பெருவிரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத ஆரு டீச்சர் தேச்ச?"

"நான்தான் சேர். பிரஷ்ஷால."

அவர் பிள்ளைகளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் அங்கால வாங்க டீச்சர்."

அந்த நல்ல மனிதர் நீட்டிய கையை நான் தட்டிவிட்டேன். "இஞ்சயே சொல்லுங்க சேர். பிள்ளைகளும் படிக்கட்டும்."

"அப்ப சொல்றன். இது வருத்தமில்ல, நோயே இல்ல. இந்த மரத்துட இலைக்கு அடிப்பக்கமே இப்பிடித்தான். இது மயிர் மாதிரி ஒரு பஞ்சு. தண்ணி வத்திப் போகாமக் காக்கிற சட்டை. நீங்க சட்டையக் கழட்டிப் போட்டீங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். முன்னால் நின்ற மாணவி மட்டும் பேனையை உயர்த்தி, "டீச்சர், துரு நோயெண்டு எழுதினத வெட்டவா?" என்று கேட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து புஷ்பம் அக்காவின் குரல் வந்தது:

"அப்ப என்ட கொச்சிக்கா?"

அன்று பின்னேரமே போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா மண்வெட்டியை எடுத்துத் தந்தா. இரண்டு வரிசையும் நானே நட்டு, காய்க்கும்வரை காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அக்கா கதிரை போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தா. "டீச்சர், இலைக்கு அடியயும் ஒருக்காப் பாருங்க. கறள் கிறள் இருக்கும்."

தேய்த்த இலைகள் கருகி விழுந்தன. மரமோ என்னை மன்னித்து, அடுத்த மாரிக்குப் புதிதாகத் துளிர்த்தது. நட்ட ஆறாம் வருடம் முதல் பூ விரிந்தது. வெள்ளை வெளேரென்று, எலுமிச்சை வாசத்தோடு. அதைப் பார்க்க அமிர்தகழியிலிருந்து தன் சொந்தக்காரரை ஆட்டோவில் கூட்டி வந்தவ புஷ்பம் அக்காதான். "எங்கட டீச்சர்ட மரம். இந்தச் சூட்டுக்க வேற ஆராலும் வளக்கேலா" என்று அவ சொன்னதைக் கேட்டு, விருது வாங்கியவள் போல நின்றேன். இப்போது மரம் ஓட்டுக்கூரையைத் தாண்டிவிட்டது. வாவிக் காற்றில் இலைகள் புரளும்போது, அந்தக் கபிலம் பொன்னாக மின்னும். இரண்டு பக்கமும் எனக்கு அழகுதான்.

போன வருடம் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. முதுகில் பெருவிரல் அளவில் ஒரு கபில மச்சம். ஆஸ்பத்திரியில் பிள்ளையை என் கையில் தரும்போது மகள் சொன்னாள்: "அம்மா, இது பிறவி அடையாளம். வருத்தமில்ல." பக்கத்தில் நின்ற இவர், "பிரஷ் எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிட்டுத்தான் வந்த நான்" என்றார். தாதி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், ஒரேயொரு தரம், பெருவிரலால் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தேன்தான்.