ஞாயிற்றுக்கிழமை ஆறு ஈடு

புதன்கிழமை மத்தியானம் சோறு தின்றுகொண்டிருக்கும்போதே மாசிலாமணி முடிவெடுத்துவிட்டார். வர்ற ஞாயிற்றுக்கிழமை தூங்குவது. கோழித் தூக்கம் இல்லை. காலையில் படுத்தால் சாயந்தரம்தான் எழுந்திருப்பது. நடுவில் பூகம்பம் வந்தால் அது பூகம்பத்தின் பாடு.

மனுஷன் என்னதான் செய்வார், சொல்லுங்கள். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் கிச்சன் கப்போர்டு செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் ஊரார் வீட்டு அலமாரிக்குக் கதவு. ஏழாம் நாள் பெண்டாட்டி வழி உறவு. போன மாதம் முதல் ஞாயிறு திருவெண்ணெய்நல்லூரில் காதுகுத்து. அடுத்த ஞாயிறு அமாவாசையோடு வந்து தொலைத்தது, மேல்மலையனூர் கூட்டத்தில் ஏழு மணி நேரம் நின்றார். மூன்றாவது ஞாயிறு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சின்ன மாமியாரைப் பார்க்கப் போனார். அந்த அம்மாள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்ததைப் பார்த்து இவருக்குப் பொறாமையாக இருந்தது. நிலைமை அந்த அளவுக்குப் போயிருந்தது.

ரசம் ஊற்றிக்கொண்டே பெண்டாட்டி பரிமளா சொன்னாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை என் தம்பி வீட்டு கிரகப்பிரவேசம். விழுப்புரம் போவணும்."

மச்சினன் இனியவன் லேசுப்பட்டவன் இல்லை. ஒவ்வொரு அறையாக இழுத்துப்போய், ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக் காட்டாமல் விடமாட்டான்.

"முடியாதே பரிமளா. ஞாயித்துக்கிழமை பிரஸ்ஸு ஓட்டணும்."

பிரஸ் என்றால் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் வேக்குவம் பிரஸ். கட்டில் அளவுக்கு ஒரு மேசை, அதன்மேல் ரப்பர் பை. பலகையில் பசை தடவி, மேலே கலர் ஷீட்டை வைத்துப் பைக்குள் தள்ளி மூடினால், பம்பு உள்ளேயிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சிவிடும். பை பலகையை இறுக்கிப் பிடிக்கும், ஷீட் ஒட்டிக்கொள்ளும். ஒன்றரை மணி நேரம் போதும். காற்று கசிந்தால் பம்பு தானாகவே மறுபடி ஓடும். பக்கத்தில் ஈ காக்காய் இருக்கத் தேவையில்லை. இதெல்லாம் மாசிலாமணிக்குத் தெரியும். பரிமளாவுக்குத் தெரியாது என்பதுதான் அவர் திட்டத்துக்கே அஸ்திவாரம்.

"ஓட வுட்டுட்டு வர்றது."

"அங்கதான் பேஜாரு. மீட்டர்ல ஒரு முள்ளு இருக்குது. அது இறங்காம பாத்துக்கினே இருக்கணும். இறங்கிச்சின்னா ஷீட்டு அப்பளம் மாதிரி பொரிஞ்சிக்கும்."

"பட்டறையில சுகுமாரு இருக்கானே, அவன் பாத்துக்க மாட்டானா?"

"சுகுமாரு பலகை அறுப்பான், பாலிஷ் போடுவான். முள்ளு பாக்கறது அவனுக்கு வராது."

"எவ்ளோ நேரம் பாக்கணும்?"

"காலைல எட்டுல இருந்து சாயந்தரம் ஆறு. ஆளு நகரவே கூடாது."

பரிமளா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சரிங்க. வேலைதான முக்கியம்."

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் பரிமளா இப்படி ஒரே பேச்சில் சரி என்று சொன்னதே கிடையாது. அப்போதே மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டாமா? தூக்கக் கலக்கத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கோணிப்பைக்குள் தலையணையை ஒளித்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். ஷட்டரைப் பாதி இறக்கினார். தெருவில் போகிறவர்களுக்குச் சத்தம் கேட்க வேண்டுமே என்று இரண்டு துண்டுப் பலகையைப் பைக்குள் போட்டுப் பம்பை ஓடவிட்டார். மூலையில் இருந்த ப்ளைவுட் அடுக்கின்மேல் கோணியை விரித்து, அப்பாடா என்று காலை நீட்டினார். கண் அப்படியே சொருகியது.

ஷட்டர் கடகடவென்று மேலே போனது.

பரிமளா நின்றிருந்தாள். ஒரு கையில் தூக்குவாளி. பின்னால் சுகுமார், தோளில் ஒரு சுருள் மாம்பழ மஞ்சள் ஷீட்டோடு, முதலாளி முகத்தைப் பார்க்காமல் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் எழுந்திருங்க. நீங்க படுத்துக்கினு இருக்கறது நம்ம வீட்டுப் பலகை."

"எந்தப் பலகை?"

"நம்ம சமையக்கட்டுக்குக் கதவு. நேத்து நீங்க செஞ்சிக்கு ஃபிட்டிங் போனீங்க இல்ல, அப்ப சுகுமார அறுக்கச் சொன்னேன். மொத்தம் பதினெட்டு."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஊருக்கெல்லாம் கதவு போடுகிற மாசிலாமணி வீட்டு அலமாரிக்குக் கதவு கிடையாது. பூனை நேராக உள்ளே போகும், பாலைக் குடிக்கும், வந்த வழியே போகும். பரிமளா கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாசம்" என்பார். அந்த விஷயத்தில் அவருக்கே கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் வெட்கத்தை விடத் தூக்கம் பெரிதாக இருந்தது.

"மிஷினு பத்து மணி நேரம் ஓடப்போவுது. பையி சும்மா இருக்கலாமா? சுகுமாரு, ஒரு ஈடு எவ்ளோ நேரம்?"

"ஒன்றரை மணி நேரம் அண்ணி."

பரிமளாவுக்கு இட்லியும் ஈடுதான், பலகையும் ஈடுதான். விரலை மடக்கினாள்.

"அப்ப ஆறு ஈடு. ஈட்டுக்கு மூணு பலகை. சாயந்தரம் ஆறுக்குள்ள பதினெட்டும் வெந்துடும். சுகுமாரு, உனக்கு முள்ளு பாக்க வராதாமே. நீ போயி புள்ளைங்களோட இரு."

சுகுமார் ஷீட்டை இறக்கிவிட்டு ஓடியே போனான். மாசிலாமணியின் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய்விட்டது.

"நீ விழுப்புரம் போவல?"

"நீங்க இங்க கண்ணு முழிச்சி பாத்துக்கினு இருக்கும்போது நான் மட்டும் போவறதா? நல்லாவா இருக்கும்?"

மாசிலாமணி பசை தடவினார். ஷீட்டை வைத்தார். பையை மூடினார். பம்பு உறுமியது. சுவரில் சாய்ந்து இமையை மூடினார்.

"என்னாங்க, முள்ளு."

நிமிர்ந்து உட்கார்ந்தார். முள் நட்டகுத்தலாக நின்றிருந்தது. அவர்தான் இறங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஈட்டில் ஒண்ணுக்குப் போக எழுந்தார்.

"ஆளு நகரக் கூடாதுன்னீங்களே?"

"ரெண்டு நிமிஷம்."

"சரி, நான் பாத்துக்கறேன். ஜல்தியா வாங்க."

தயிர் சோற்றையும் வேர்க்கடலைத் துவையலையும் மீட்டருக்கு முன்னாலேயே பரிமாறினாள். நாலாவது ஈட்டில், அத்தனையும் பொய் என்று சொல்லிவிடலாமா என்று மாசிலாமணி யோசித்தார். சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே விழுப்புரம் ஏற்றிவிடுவாள். பேசாமல் பசை டப்பாவைத் திறந்தார். இடுப்பு விட்டுப் போயிருந்தது. கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிந்தது.

ஆறு மணிக்குப் பதினெட்டுக் கதவும் சுவரோரம் மஞ்சளாக நின்றன. பரிமளா ஒரு கதவைக் கையால் தடவினாள்.

"நல்லா வந்திருக்குதுங்க," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்த்ததும் மாசிலாமணிக்கு நெஞ்சு இளகிவிட்டது. பாவம், கூடப்பிறந்தவன் வீட்டு விசேஷத்தை விட்டுவிட்டுத் தனக்காக உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னால உன் தம்பி வீட்டு விசேஷம் போச்சு. மனசுல வெச்சிக்காத."

"எங்க போச்சு? அது அடுத்த ஞாயிறுங்க."

"இன்னிக்குன்னு சொன்னியே?"

"அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன். வர்ற ஞாயித்துக்கிழமைன்னா சொன்னேன்?"

"அடுத்ததுன்னா வர்றதுதான பரிமளா?"

"பன்னெண்டு வருஷமா அடுத்த மாசம், அடுத்த மாசம்னீங்க. அது எந்த மாசம்னு நான் கேட்டேனா?"

மாசிலாமணி தலையணையை எடுத்து மறுபடி கோணிப்பைக்குள் திணித்தார்.

அடுத்த ஞாயிறு குத்துவிளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுப்புரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். இனியவன் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டான். ஹால், பூஜை அறை, இரண்டு பெட்ரூம், மாடிப்படி எல்லாம் முடிந்து கடைசியாகச் சமையலறைக்கு வந்தார்கள். கிரானைட் மேடை பளபளத்தது. மேலும் கீழும் அலமாரி. ஒன்றில்கூட கதவு இல்லை.

"கதவு எங்க மச்சான்?"

இனியவன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"அளவு எல்லாம் எழுதி வெச்சிருக்கேன் மாமா. அக்கா சொல்லுச்சு, ஞாயித்துக்கிழமை ஆனா உங்க மிஷினும் நீங்களும் பட்டறையில சும்மாதான் படுத்துக்கினு இருக்கீங்களாமே."