ஊர்பேர் சொல்லாத நாகநாதன்

உச்சிப்புளி நாகநாதன் அன்று பெரிய முடிவோடு எழுந்தார். மகள் பூமயில், புதிதாக வந்த கம்ப்யூட்டரில் முகம் தெரியாத ஆட்களோடு கேரம் ஆடுகிறாள். அவளை உஷார்ப்படுத்தியாக வேண்டும்.

"இந்தா பாரு தாயி. பேரு, ஊரு, பள்ளிக்கூடம், போன் நம்பரு, எவன் கேட்டாலும் சொல்லக் கூடாது. எதுக்க ஆடுறது யாருன்னு நமக்கு என்ன தெரியும்?"

"சரிங்கய்யா."

அடுப்படியிலிருந்து சேதுலட்சுமி எட்டிப் பார்த்தாள். "அவ சொல்ல மாட்டா. ஒருத்தன் எந்த ஊருன்னு கேட்டா, நீங்க மூணு தலைமுறையச் சொல்லாம விடுவீகளா?"

"ஏங்கிட்ட ஒரு வார்த்தை புடுங்க முடியாது."

மார்பை நிமிர்த்தியவர், இடுப்பு வலி ஞாபகம் வந்து குனிந்துகொண்டார். மாமனார் காட்டில் மிளகாய்ப் பழம் பறிக்க ஆள் வேண்டும் என்று செய்தி வந்த கையோடு வந்த வலி அது. அந்தக் காட்டில் இறங்கினால் வாரம் முழுக்கத் தும்முவார். நாளைக்குப் பறிப்பு முடியும்வரை வலி நீடித்தால் போதும்.

சாயங்காலம் தாயும் மகளும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் இடுப்பு நேரானது. மகள் கம்ப்யூட்டரில் திறந்தபடி விட்டுப்போன கேரமை ஆட உட்கார்ந்தார். எதிரில் ஆடியவர் பெயர் 'சிவப்புக் காய்'. ஆட்டத்துக்கு நடுவே அவரிடமிருந்து இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது.

"அண்ணே, அடி பிரமாதம். எந்த ஊரு?"

"சொல்றதுக்கில்ல."

"நான் கமுதி. நீங்க?"

ஒருத்தர் தன் ஊரைச் சொன்ன பிறகு நாம் சொல்லாமல் இருந்தால் மரியாதையா அது?

"உச்சிப்புளி."

"அங்கன யாரு வீடு?"

"பொன்னுச்சாமி மகன் நாகநாதன்."

"மிளகாப் பறிப்புக்குப் போகலையாண்ணே?"

"நாளைக்கு மாமனார் காட்டுல. இடுப்பு வலின்னு படுத்துட்டேன்."

"ரொம்ப வலிக்குதோ?"

"வலியாவது ஒண்ணாவது. வீட்டுக்காரி நம்பிட்டா."

நாகநாதன் அடுத்த காயைக் குறிவைத்தார். அதற்குள் பதில் வந்தது.

"அய்யா, நான் பூமயிலு. ஹமீது பாய் பிரவுசிங் சென்டர்ல இருக்கோம். அம்மா சொல்லச் சொல்ல நாந்தான் தட்டுனேன். எதுக்க ஆடுறது யாருன்னு தெரியாதுன்னு நீங்கதான சொன்னீக? காலையில மொத பஸ்ஸாம். சாக்கை உதறி வைக்கச் சொல்றாக."

மறுநாள் மிளகாய்க் காட்டில் நாகநாதன் தும்மித் தும்மிப் பறித்தார். மகளாவது தேறிவிட்டாளே என்று உள்ளூரச் சந்தோஷம்தான். பழம் வாங்க வந்த வியாபாரி அவரைப் பார்த்து விசாரித்தார்.

"அய்யாவுக்கு எந்த ஊரு?"

நாகநாதனுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனாலும் வாயை இறுக மூடிக்கொண்டார்.

அடுத்த வரிசையிலிருந்து சேதுலட்சுமி நிமிராமலே சொன்னாள். "உச்சிப்புளி. பொன்னுச்சாமி மகன். இடுப்பு நேத்துச் சாயங்காலந்தான் சரியாச்சு."