கூப்பிடாமலே சாப்பிடப் போகிறேன், அண்ணி

அன்பும் மரியாதையும் மிகுந்த அண்ணியார் அவர்களுக்கு,

தங்கள் கொழுந்தன் கப்பலின் மேல்தளத்தில், கடலைப் பார்த்த மேசையில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எழுதிக்கொள்வது. நான் நலம். என் நலத்தில் நம் வீட்டில் யாருக்கும் அவ்வளவாக நம்பிக்கை இருந்ததில்லை என்பதால் இன்னொரு முறையும் எழுதுகிறேன்: நான் நலம். தங்கள் முழங்கால் வலியும், அண்ணனின் கோபமும், சமையலறைக் குழாயின் ஒழுக்கும் எந்த நிலையில் உள்ளன என்று அறிய ஆவல். குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும். அண்ணனை மட்டும் அதில் கைவைக்க விடாதீர்கள்.

தங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை, இருந்தாலும் கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் முதலிலிருந்து எழுதுவதுதான் முறை. ஊர் முழுக்கத் தண்ணீர் ஏற்றிவிட்டு ஓய்வு பெற்ற பம்ப் ஆப்பரேட்டரான நான், கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், உங்கள் மாடி அறையில், உங்கள் கைச் சாப்பாட்டில் காலம் தள்ளியவன். என் பணி ஓய்வு விழாவுக்கு வந்திருந்த சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு அண்ணன் சொன்னார், “இவன் தெருமுனைக் கடைக்குப் போனாலே பின்னாடி ஒரு ஆளை அனுப்பணும். இனிமே எங்க போகப்போறான்?” எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. “பாவம், விடுங்க” என்றீர்கள். அண்ணி, அந்தச் சிரிப்பு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. உங்கள் ‘பாவம்’தான் தொண்டையிலேயே நின்றுகொண்டது. மறுநாள் காலை நான் முடிவெட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனது பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்கு. “கப்பல்ல போகணும்” என்றேன். “ஒரு வாரத்துல போயிட்டு வந்துடலாம் சார், எல்லாரும் அதுலதான் போறாங்க” என்றார் அங்கிருந்தவர். ஒரு வாரம் போய்வந்தால் அண்ணன் வாயை மூடுவாரா? “இருக்கறதுலயே நீளமானது எதுவோ அதுல போடுங்க” என்றேன். மாதக்கணக்கில் கடலிலேயே சுற்றும் பயணம் அது என்பதைச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் நிதானமாகப் படித்தேன்.

புறப்படும் நாளன்று வாசலில் நின்று அண்ணன் உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “மொதல் துறைமுகத்துலயே எறங்கி பஸ் புடிச்சு வந்துடுவான், நீ வேணா பாரு.” இதற்குப் பதில் கீழே வருகிறது. பொறுமையாகப் படிக்கவும்.

ஏறிய உடனேயே ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, எல்லோருக்கும் உயிர்காக்கும் மேலங்கி மாட்டப் பயிற்சி கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறம், அதில் ஒரு விசில். நான் கவனமாக மாட்டிக்கொண்டேன். எப்போது கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அரசாங்க வேலை பார்த்தவன், சொல்லாமல் நான் எதையும் கழற்றமாட்டேன். அப்படியே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். தனியாக வந்தவர்களுக்கென்று ஒரு வட்ட மேசை போட்டிருந்தார்கள். அதில் ஒரு பூக்கடைக்கார அம்மாள், காது மந்தமான ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்ற ஒரு நீதிபதியம்மா. நீதிபதியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சாப்பாடு அவ்வளவு ஆபத்தா இருக்காதுன்னு நினைக்கிறேன்” என்றார். நான் விசிலை மட்டும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தேன்.

அடுத்தது அறை. ஒரே மாதிரி நடைபாதை, ஒரே மாதிரி கதவுகள். யாரோ ஒருவருடைய அறைக் கதவோடு வெகுநேரம் மல்லுக்கட்டிவிட்டு, இது சரிப்படாது என்று என் கதவின் கைப்பிடியில் கைக்குட்டையை அடையாளமாகக் கட்டினேன். அறையைச் சுத்தம் செய்பவர் அதை அழுக்குத் துணி என்று எடுத்துப்போய், துவைத்து, இஸ்திரி போட்டு, கட்டிலில் வைத்துவிட்டார். மறுபடி கட்டினேன். மறுபடி துவைத்தார். இந்தக் கப்பலில் என்னுடையதைவிடச் சுத்தமான கைக்குட்டை எவனிடமும் கிடையாது. கழிவறை விஷயம் எழுதத் தயக்கமாக இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் அது போடுகிற சத்தத்தைக் கேட்டு, பம்ப் அறையிலேயே வாழ்ந்த நானே இரண்டடி தள்ளிக் குதித்தேன்.

அண்ணி, இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறந்தேன். கடலில் முதல் முழுநாள், நான் சாப்பிடவே போகவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அறையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே மாலை வரைக்கும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது: “தம்பி, சாப்பிட வாங்க” என்று மாடிப்படிக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வரவேண்டும். அந்தக் குரல் வந்தால்தான் எனக்குப் பசிக்கும். நடுக்கடலில் அதற்கு நான் எங்கே போவேன்? என் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து மேசைக்காரர்கள் பல் டாக்டரை அனுப்பினார்கள். அவர் கதவைத் தட்டினார். “வரேன்” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து, என்னையும் வெளியே வரவைத்துவிட்டார்கள்.

அன்றைக்கே முடிவுசெய்துவிட்டேன். முதல் துறைமுகத்தில் இறங்கிவிடுவது. அண்ணன் சிரிக்கட்டும். சிரித்துவிட்டு எப்படியும் “சாப்டியா” என்று கேட்பார்.

காலையில் கப்பல் கரையில் நின்றதும் பெட்டியைக் கட்டி உருட்டிக்கொண்டு இறங்கினேன். படியின் அடியில், ஊர்சுற்றக் கிளம்பி நிற்கிறார்கள் மூன்று பேரும்!

“எங்க, பெட்டியோட?” என்றார் பூக்கடைக்காரம்மா.

வாயில் வந்ததைச் சொன்னேன். “சக்கரம்… சக்கரம் சரியில்லை. இங்க ரிப்பேர் பண்ணலாமான்னு…”

“சர்க்கரையா?” என்றார் பல் டாக்டர். “எவ்வளவு நாளா?”

“சக்கரம், டாக்டர். பெட்டிச் சக்கரம்.”

“சர்க்கரை இருந்தா நல்லா நடக்கணும். வாங்க, நாங்களும் வரோம்.”

அவர்கள் கழன்றுகொள்வார்கள் என்று பார்த்தேன். கழன்றுகொள்கிற ஜாதி இல்லை அவர்கள். பூக்கடைக்காரம்மா ஒவ்வொரு கடையிலும் நுழைந்து, “இங்க பெட்டி சரிபண்றவங்க யாராவது இருக்காங்களா? பாவம், தனியா வந்தவரு” என்று விசாரிக்கிறார். என் பெட்டியோ நல்ல பெட்டி, சக்கரம் வெண்ணெய் மாதிரி உருள்கிறது. உருளாதது போல் காட்ட அதை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்து இழுத்து எனக்குத் தோள் இறங்கிவிட்டது. இப்படியே ரிப்பேர் கடைவரைக்கும் போனால் மானம் போகும். ஒரு தெருமுனையில் அவர்கள் வழி கேட்டுக்கொண்டு நின்றபோது, சுவர் மறைவில் சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டேன். சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பெருவிரல் வீங்கிவிட்டது. குதிகாலால் இன்னொன்று. அப்பாடா, கழன்று விழுந்தது.

பெட்டி தைக்கிறவர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தானா உடைஞ்சது இல்லையே. யாரோ ஒதைச்சிருக்காங்க.”

நீதிபதியம்மா சக்கரத்தைப் பார்த்தார். நொண்டிக்கொண்டு நின்ற என் காலைப் பார்த்தார். “சரி, மாட்டிக் குடுங்க” என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது மற்ற இருவரையும் முன்னே விட்டுவிட்டு என் பக்கத்தில் நடந்தார். “வீட்டுக்கா கிளம்பினீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். “எனக்கும் நேத்து அப்படித்தான் இருந்துச்சு. பெட்டியெல்லாம் கட்டிட்டேன். கனமா இருந்துச்சு, தூக்க முடியலை. அதனாலதான் இன்னும் கப்பல்ல இருக்கேன்.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “இன்னிக்கு சாப்பிட்டுட்டு நாளைக்குப் போங்களேன்” என்றார். நாளைக்குக் கப்பல் நடுக்கடலில் இருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “அதுவும் சரிதான்” என்றேன்.

ஆகவே அண்ணனிடம் சொல்லுங்கள்: முதல் துறைமுகத்தில் பெட்டியோடு இறங்கினேன், உண்மைதான். ஆனால் நொண்டிக் காலோடு நானே திரும்ப ஏறினேன். அவர் சொன்னதில் பாதிதான் பலித்தது. மீதிப் பாதி என்னுடையது.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் எழுதினால் நானே என்னைப் புகழ்ந்துகொள்வதாகும். புகழ்ந்துகொள்கிறேன், வேறு யார் இருக்கிறார்கள் இங்கே? கடல் பொங்கிக் கப்பல் ஆடியபோது பாதிப் பேர் படுத்த படுக்கையாகிவிட, காலியான கூடத்தில் கிண்ணம் இந்தப் பக்கம் வழுக்கினால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கம் வழுக்கினால் அந்தப் பக்கமும் நகர்ந்து நகர்ந்து சூப்பைக் குடித்து முடித்தேன். யாரும் கூப்பிடாமலே போய்க் குடித்தேன், அதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். தனியாக வந்த பெண்கள் அதிகம், ஆடத் துணை இல்லை என்று நடன ஆசிரியர் என் கையைப் பிடித்து இழுத்தார். இந்தக் காலுக்கு நடனம் வராது என்றேன், வரவும் இல்லை. பூக்கடைக்காரம்மாவின் செருப்பை மிதித்தே பிய்த்தேன். ஆனாலும் பாட்டு முடிகிறவரைக்கும் நின்றேன், ஓடவில்லை.

எல்லாவற்றிலும் பெரியது இது. ஒரு துறைமுகத்தில் நான் மட்டும் தனியாக இறங்கி, தனியாக நடந்து, தனியாக ஒரு முடிவெட்டும் கடையில் போய் உட்கார்ந்தேன். “எப்படி வெட்டணும்?” என்றார் கடைக்காரர். எனக்குப் பதில் தெரியவில்லை, அண்ணி. நம் தெருக் கடையில் நான் உட்கார்ந்தாலே அவர் வெட்ட ஆரம்பித்துவிடுவார். அண்ணனுக்கு வெட்டுகிற மாதிரியே எனக்கும். என்னை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் அண்ணனுடைய மீசை என் முகத்தில் உட்கார்ந்திருந்தது. “மீசையை எடுத்துடுங்க” என்றேன். “நல்லா யோசிச்சுட்டீங்களா?” என்றார். “யோசிச்சா விட்டுடுவேன். சட்டுனு எடுங்க.”

எடுத்துவிட்டார். முகத்தில் காற்று பட்டது. கடைக் கண்ணாடிகளில் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே வந்ததில் வழி தவறி, விசாரித்து, ஓடி, கப்பலின் சங்கு ஊதும் நேரத்துக்குப் படிக்கு வந்து சேர்ந்தேன். காவலாளி என் அடையாள அட்டையில் இருக்கும் படத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். “இது நீங்க இல்லையே.”

“நான்தாங்க. மீசைதான் இல்லை.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க.”

யார் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் கத்திய கத்தலில் மேலேயிருந்து என் மேசைக்காரர்கள் இறங்கி வந்தார்கள். பூக்கடைக்காரம்மா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, “அவர் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு” என்று காரியத்தைக் கெடுத்தார். பல் டாக்டர் என்னருகே வந்து, “ஆ காட்டுங்க” என்றார். துறைமுகம் முழுக்கப் பார்க்க நான் வாயைப் பிளந்தேன். “கீழ் வரிசையில ரெண்டு பல்லு ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கு. கப்பல் ஏறின நாள்லேர்ந்து எதிர்ல உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். இவருதான்” என்றார். நீதிபதியம்மா காவலாளியைப் பார்த்து, “சாட்சி போதும். உள்ளே விடலாம்” என்றார். அந்தக் குரலுக்குக் காவலாளி சல்யூட் அடித்துவிட்டார். நிமிர்ந்த தலையோடு படியேறினேன். மீசை இல்லாமல் இவ்வளவு கம்பீரமாக நடக்க முடியும் என்று இத்தனை வயதில்தான் கண்டுபிடித்தேன்.

அன்று சாப்பாட்டில் பூக்கடைக்காரம்மா கேட்டார், “எதுக்கெடுத்தாலும் அண்ணி, அண்ணிங்கறீங்களே, அவங்க எங்கெல்லாம் போயிருக்காங்க?”

பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். “கல்யாணங்களுக்கு எல்லாம் போயிருக்காங்க. அண்ணனுக்கு ஆபரேஷன் ஆனப்போ ஆஸ்பத்திரியிலயே இருந்தாங்க.”

“அது சரி. தனியா, அவங்களுக்காக?”

யோசித்தேன். “மொட்டைமாடிக்குப் போவாங்க” என்றேன். “துணி காயப்போட.”

பல் டாக்டருக்கு அது மட்டும் சரியாகக் காதில் விழுந்தது. “மாடிக்கா?” என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

நிற்க. கப்பல் கரை சேரும் நாளில் யாரும் துறைமுகத்துக்கு வந்து அலைய வேண்டாம். நானே பெட்டியை உருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். வந்ததும் என் மாடி அறை அதே போல் இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பாடு, கீழிருந்து அந்தக் குரல், சமையலறையில் எப்போதும் போல நீங்கள். உலகத்தில் எது மாறினாலும் அது மட்டும் மாறக்கூடாது என்பது என் வேண்டுகோள். அண்ணனுக்கு என் வணக்கத்தையும், மீசையைப் பற்றி நேரில் விளக்குவேன் என்பதையும் தெரிவிக்கவும். தங்கள் முழங்காலும் மனமும் நோகாமல் நீண்ட காலம் நலமாக இருக்க வேண்டுமென்று, கண்ணுக்கெட்டியவரை தண்ணீரைத் தவிர வேறு சாட்சி இல்லாத இடத்திலிருந்து வணங்கி முடிக்கிறேன்.

என்றும் தங்கள் அன்புக் கொழுந்தன்

பி.கு.: கடைசிப் பத்தியில் அறை, சாப்பாடு, குரல், சமையலறை என்று எழுதியதை எல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும். உறையை ஒட்டப் போகும் வழியில் கப்பல் அலுவலகத்தில் நுழைந்து, இதைவிட நீளமான அடுத்த பயணத்துக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். நான் கூட வரமாட்டேன். அண்ணனும் வரமாட்டார். நீங்கள் மட்டும். எங்கள் இருவருக்கும் சமைக்கத் தெரியாது, பட்டினி கிடந்து கற்றுக்கொள்கிறோம். மாட்டேன் என்று பதில் எழுத நினைத்தால், ஓடுகிற கப்பலுக்குத் தபால் வந்து சேராது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.