கேட்டுக்கினு நிக்காத மிஷின்

ஒரு வேலையை அதற்குரிய நேரத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத மனுஷி இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடு திண்டிவனத்தில் ஒரே அறையில் உட்கார்ந்து குப்பை கொட்டியவன் நான். எதையும் முன்னாடியே செய்து முடித்துவிடுவார். ஆபீசில் அவருக்குப் பெயரே ‘முன்னாடியே அக்கா’.

ஒலக்கூரிலிருந்து பஸ்ஸில் வருவார். சோற்றில் குழம்பு, ரசம், மோர் எல்லாவற்றையும் வீட்டிலேயே ஊற்றிப் பிசைந்து கொண்டுவருவார். “இங்க ஒக்காந்து பிசையற நேரம் வேஸ்ட்டுபா.” பார்க்கவே சகிக்காது. பரீட்சைக்குக் கிளம்பும் மகனுக்கு வாசலிலேயே திட்டு விழும். மார்க் வரும் நாளில் தனக்கு வேறு வேலை இருக்குமாம். ஒருநாள் முதலாளியிடம் போய், “நாளைக்கு லேட்டா வருவேன் சார், திட்டறத இப்பவே திட்டிடுங்க” என்றார். அந்த ஆளும் திட்டினார். மறுநாள் அக்கா சீக்கிரமே வந்துவிட்டார். வாங்கிய திட்டை என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நாங்கள் செய்தது பால் சங்கங்களுக்கான எடை மிஷின். அதற்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். கரன்ட் வந்ததும் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருள்தான் முதலில் எழும். எழுந்து, மெமரி எவ்வளவு, தராசு எங்கே, பிரிண்டர் எங்கே என்று ஒவ்வொன்றாக விசாரிக்கும். இல்லாத சாமானைக்கூடக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். எங்கள் பக்கம் கரன்ட் போய் வருவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் இந்த விசாரணை முடிவதற்குள், கேனோடு நிற்கிறவர்கள் எங்களைக் கிழித்துவிடுவார்கள்.

“இன்னாபா, மிஷினு பல்லு வெளக்கிக்கினு கீதா?”

மிஷினுக்கு மென்பொருள் எழுதுகிற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “நாம செஞ்ச மிஷினு. உள்ள இன்னா கீதுன்னு நமக்குத் தெரியாதா? கெர்னல ஆபீஸ்ல தயார் பண்றப்பவே எல்லாத்தையும் எழுதி வெச்சிட்டா, அது எதுக்கு எழுந்ததும் கேட்டுக்கினு நிக்கணும்?”

“நாளைக்கு உள்ள இருக்கற சர்க்யூட் போர்டு மாறினா? எழுந்து கேட்டுக்கறதுதான்கா நல்லது” என்று கத்தினேன். மிஷினைச் சோதிப்பது என் வேலை. எதையும் நம்பினால் எனக்குச் சோறு கிடையாது.

“நீ தெனம் வூட்டுக்குப் போயி, பொண்டாட்டிகிட்ட ‘உம்பேரு இன்னா’ன்னு கேட்டுக்கினுதான் உள்ள போவியா?”

ஆபீசே சிரித்தது. எனக்கு எரிந்தது.

ஆனால் செய்து காட்டினார். ஒலக்கூர் பக்கத்துச் சங்கங்களில் கரன்ட் வந்தால், கேன் மூடியைத் திறப்பதற்குள் மிஷின் தயார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்து முகையூர் பக்கம் ஒரு சங்கம். முதலாளி, அக்கா, நான் மூன்று பேரும் போனோம். முதல் பெண்மணி கேனை வைத்தார். மிஷின் ஓர் எருமையின் எடையைக் காட்டியது. அடுத்தவரின் கேனுக்கு மைனஸ். “அப்ப நாந்தான் ஒனக்குப் பால் பாக்கி வெச்சிக்கீறனா?” என்று அவர் மிஷினையே கேட்டார். மிஷினைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார் சங்கச் செயலாளர்.

முதலாளி அத்தனை பேர் முன்னாலும் அக்காவிடம் கத்தினார். “பழையபடியே போடுங்க. நீங்க திங்கக்கெழமையிலேர்ந்து வரவேணாம்மா.”

அக்கா, புருஷன் கைவிட்டுப் போனவர். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

போர்டைக் கழற்றிப் பார்த்தேன். புது ரகம். பழையதைவிட வேகமானது. தராசு பதில் சொல்லும்வரை மிஷின் மனசுக்குள் எண்ணிக்கொண்டு காத்திருக்கும். எதுவரை எண்ண வேண்டும் என்பதைத் தன் மேஜையில் இருந்த பழைய போர்டில் அளந்து, அக்கா முன்னாடியே எழுதி வைத்திருந்தார். புதுப் போர்டு கடகடவென்று எண்ணி முடித்து, தராசு வாய் திறப்பதற்குள் எதையோ படித்துவிட்டது.

“போர்ட மாத்துனது யாரு சார்? எங்ககிட்ட சொன்னீங்களா?” என்று முதலாளியிடம் எகிறினேன். “இவங்க செஞ்சதுல ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. அதுக்கு மொத்தத்தையும் பழசாக்கணுமா?”

அக்கா என்னை முறைத்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்தார். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அந்த எண்ணிக்கையை மட்டும் எழுந்ததும் மிஷினே அளந்துகொள்ளும்படி மாற்றினார். “இத மட்டும் அதுவே கேட்டுக்கட்டும்பா” என்றபோது, சொந்த நிலத்தை எழுதிக் கொடுப்பவர் மாதிரி இருந்தது முகம்.

மிஷினைப் போட்டோம். கேனுக்குக் கேன் எடை சரி. வழக்கம்போலக் கரன்ட் போனது. வந்தது. மூடி திறப்பதற்குள் மிஷின் தயார். “ஜல்தி ஊத்துங்கம்மா!” என்று செயலாளரே வரிசையை விரட்டினார். முதலாளி வண்டியில் ஏறும்போது வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, “திங்கக்கெழம வந்துருங்க” என்றார்.

அக்கா லேப்டாப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அவமானப்பட்டவர். வருவாரோ மாட்டாரோ.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில், ஒலக்கூர் பஸ் வந்து நிற்கும் இடத்தில் நின்றேன். பையோடு இறங்கினார்.

“இன்னாபா, இங்க நிக்கிற?”

“சும்மா, டீ குடிக்க வந்தேன்” என்றேன்.

நான் டீ குடிப்பதில்லை.