பதினேழாவது பேணி

கல்லுடைக்கும் இடம்,
புளியங்குளம்,
1961 ஆவணி 9.

என் மதிப்புக்கும் வணக்கத்துக்கும் உரிய ஒட்டுசுட்டான் அப்புத்துரை மாமா அவர்களுக்கு, மருமகன் சிற்றம்பலம் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் இங்கே ஒரு கீறல் காயமும் இல்லாமல் சுகமாயிருக்கிறேன். அங்கே நீங்களும் மாமியும், மாடு கன்றும், வயலுக்குள் வரும் யானைகளைத் தவிர மற்ற எல்லாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உங்களுக்குக் கண்ணில் பூ விழுந்த பிறகு கடிதங்களை யார் வாசித்துக் காட்டுகிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இது உங்களுக்கு எழுதும் கடிதம்தான். வாசிப்பவர் நடுவில் நிறுத்தாமல், முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகள் அங்கே வந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். காரணத்தை அவர் சொல்லியிருப்பார். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. வழக்கமாகக் காலையில் ஒரு வெடிதான். அன்றைக்குக் கல் ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரர் அவசரப்படுத்தியதால் பின்னேரம் இன்னொன்று வைத்தோம். அதை வீட்டுக்குச் சொல்லிவிட மறந்தது நான். கல் ஒன்று பறந்து போய்க் குசினிக் கூரையைப் பொத்துக்கொண்டு சொதிச் சட்டிக்குள் விழுந்தது. அவர் கறிவேப்பிலை பிடுங்க வெளியே போயிருந்ததால் சட்டியோடு போயிற்று. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "சட்டி போனால் வேறை வாங்கலாம், இதுக்கு ஆராவது அழுவினமோ?" என்று கேட்டேன். அடுத்த பஸ்ஸில் அவரும் றங்குப் பெட்டியும் போய்விட்டார்கள். சட்டியை நினைத்து அவர் அழவில்லை என்பது பஸ் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

இங்கே வேலை எப்படி நடந்தது என்று மாமாவுக்கு நான் இதுவரை எழுதியதில்லை. எனக்கே தெரியாமல் இருந்ததுதான் காரணம். பாறையில் குழி துளைத்து, வெடிமருந்து இறுக்கி, திரி வைத்துவிட்டு ஆட்கள் காத்திருப்பார்கள். பத்தரை மணிக்கு உங்கள் மகள் தேத்தண்ணி வாளியோடு மதகுக்கு அந்தப்பக்கத்துப் பாலைமரத்தடிக்கு வந்து, பதினேழு பேணிகளில் வார்த்து வரிசையாக வைப்பார். ஆட்கள் கூப்பிடாமலே ஓடிப்போவார்கள். ஒரு பேணி எடுபடாமல் இருந்தாலும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஒரு பேணி மிச்சம் கிடக்கு, ஆர் இன்னும் வரேல்லை?" என்று பாறை அதிரக் கேட்பார். கடைசிப் பேணியும் எடுபட்ட பிறகுதான், தன் பேணியை முதலில் குடித்துவிட்டுத் திரியடியில் நிற்கும் வெடிகாரன் யாக்கோப்புக்குக் கை காட்டுவார். பத்து மாதம் இங்கே ஒருவருக்கும் நகம்கூடப் பெயரவில்லை. நான் அதைத் தேத்தண்ணி என்றே நினைத்திருந்தேன்.

அவர் போன பிறகு ஆட்கள் பாறையை விட்டு நகர மறுத்தார்கள். நான் கொழும்பிலுள்ள மேலிடத்துக்கு எழுதினேன். அங்கிருந்து ஒரு சிவப்புக் கொடியும், தகரம் அடிக்கும்படி கட்டளையும் வந்தன. கொடியை ஒருவர் வெயிலுக்குத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார். ஆபத்து எந்தப் பக்கம் என்று பார்த்தால் அவர் நிற்கும் பக்கம் என்றாகிவிட்டது. சரியென்று தகரம் அடித்தோம். இந்தப் பகுதியில் தகரச் சத்தம் கேட்டால் வயலுக்குள் யானை வந்துவிட்டது என்று மாமாவுக்குத் தெரியும், கொழும்புக்குத் தெரியாது. பதினாறு பேர் வெளியே போவதற்குப் பதிலாக, சுற்றுவட்டத்து வயல்காரர் இருபத்தைந்து பேர் பொல்லும் சீனவெடியுமாக உள்ளே ஓடி வந்தார்கள். சீனவெடியைக் கொளுத்திக்கொண்டு வந்தவரை மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் மறித்துப் பிடித்தோம். யானை இல்லை என்றதும் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். வேலையை விட்டுவிட்டு வந்ததற்கு ஒரு குட்டியாவது இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

கடைசியில் தேத்தண்ணியை நானே போட்டேன். ஒரு மிடறு குடித்தவர்கள் பாறைப்பக்கமே பாதுகாப்பு என்று திரும்பிவிட்டார்கள். அன்றைக்கு நான் பதினாறு பேணிதான் வைத்தேன். அக்கா பதினேழு வைப்பாவே என்று யாக்கோப்பு கேட்டார். மற்றது அவவுக்காக இருக்கும் என்றேன். யாக்கோப்பு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அவா தேத்தண்ணி குடிக்கிறேல்லை, ஐயா. அது உங்கடை பேணி. நீங்கள் வந்து எடுக்குமட்டும் அவா எனக்குக் கை காட்டமாட்டா."

மூன்று வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கு அவர் தேத்தண்ணி குடிப்பதில்லை என்பது தெரியாது, மாமா. வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் கடைசியாக வந்தால்தான் மரியாதை என்று ஆடி அசைந்து வருவேன். வந்து, தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது என்று நாள்தோறும் குறை சொல்வேன். (இந்த இடத்தை வாசிப்பவர் மனதுக்குள் வாசித்தால் போதும்.)

அந்த வாரமே யாக்கோப்பு முல்லைத்தீவுக்குப் போய்விட்டார், தகப்பனோடு கடல்தொழிலுக்கு. கடல் மட்டும் பயமில்லையா என்று கேட்டேன். "கடல் வாறதைச் சொல்லிப்போட்டு வரும், ஐயா" என்றார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய், பதினாறு பேரில் இப்போது மிச்சம் ஆறு பேர். போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று எழுதி அனுப்பக் கொழும்பிலிருந்து தாள் வந்தது. பத்துத் தாளிலும் 'குடும்ப நிலை' என்று எழுதினேன். யாருடைய குடும்பம் என்று எழுதவில்லை.

ஆட்கள் போகாமலிருக்கக் கொந்தராத்துக்காரர் ஒரு வழி கண்டார். ஒரு நாளும் தவறாமல் ஒரு வருஷம் நிற்பவருக்குப் புதுச் சைக்கிள். கடதாசி சுற்றியபடி அது நான் கணக்கெழுதும் கந்தோரில் நிற்கிறது. அதற்குக் கிட்ட வந்த ஆள் நான் ஒருவன்தான், இன்னும் பத்தொன்பது நாள். ஒரு நாள் லீவு எடுத்தாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். இத்தனை நாளும் நான் அங்கே வராததற்கு அதுதான் காரணம், ரோசம் அல்ல. கொஞ்சம் ரோசமும்தான். அந்தச் சைக்கிளில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் படம் பார்க்கப் போகவேண்டும் என்று எனக்கொரு ஆசை. (இதையும் மனதுக்குள்.)

ஆகையால் மாமா, ஆறு தொழிலாளரின் உயிரை நினைத்தாவது உங்கள் மகளை உடனே அனுப்பிவைக்க வேண்டும். கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. சட்டி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். எனக்காக அவர் வரவேண்டியதில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். குசினிக்குள் மட்டும் போவதில்லை, அங்கே சத்தமில்லாமல் இருக்கிறது.

மாமிக்கு என் அன்பு. உங்கள் கிணறு வற்றாமலும் வரம்பு உடையாமலும் அம்மன் பார்த்துக்கொள்வா.

இப்படிக்கு, உங்கள் ஆசியை நாடும்
சிற்றம்பலம் (ஓவசியர்)

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் மேலே உள்ளதில் சிலவற்றை மாற்றவேண்டி வந்துவிட்டது. கீறல் காயமும் இல்லை என்று எழுதினேன், இடது காலை நீக்கி வாசிக்கவும். இன்று காலை ஏழு பேணி வைத்துவிட்டு, பாறையடியில் நின்று ஆட்களை எண்ணி அனுப்பினேன். ஐந்து பேர் மரத்தடிக்குப் போய்விட்டார்கள், ஆறாவது திரி கொளுத்தும் யோகநாதன். எல்லாம் சரி, கொளுத்து என்று கை காட்டினேன். யோகநாதன் என்னைத் தாண்டி ஓடும்போதுதான் நான் இன்னும் பாறையடியில் நிற்பது எனக்கே தெரிந்தது. நானும் ஓடினேன், பறந்து வந்த கல்லொன்று காலில் பட்டது. நொண்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். ஆறு பேரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பேணி அப்படியே இருந்தது.

மாமா, மகளை அனுப்ப வேண்டாம். வேலையை விட்டுவிட்டேன், சைக்கிள் கந்தோரிலேயே நிற்கட்டும். என் தாளில் 'குடும்ப நிலை' என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் வயலில் ஏதும் வேலை இருந்தால் தாருங்கள், தகரம் அடிக்க நன்றாகப் பழகியிருக்கிறேன்.

கமலாசனி, இதைச் சத்தமாகவே வாசி. என்ரை பேணி மிச்சம் கிடக்கெண்டு கேக்க இஞ்சை ஒருத்தரும் இல்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸிலை வாறன். ஒரு பேணி வார்த்து வை, ஆறினாலும் குடிப்பன்.